தட்டிக் கேளுங்கள்

கேள்வி-பதில். இந்த முறை: கவனிக்காமல் விட்ட ஸோல் மறுபதிப்புகள், புதிய ஜாஸ் ஆல்பங்கள், இரண்டையும் வைக்க இடம் தேடும் வாசகர்கள்.

'தட்டுப்பித்தன்', 90 அடி ரோடு, தாராவி
பத்துக்குப் பத்து அறை, ஐந்து பேர். இதில் இசைத்தட்டு சேர்க்க ஆசைப்படலாமா?

மற்ற நாலு பேரைக் கேட்டீர்களா? அவர்கள் சரி என்றால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. நூறு எல்.பி.யை நிறுத்தி வைக்க ஒன்றரை அடி நீளம் போதும். ஆனால் எடை இருபத்தைந்து கிலோவைத் தாண்டிவிடும். சுவரில் ஆணியடித்த பலகை தாங்காது, தரையோடு ஒரு பெட்டியில் வையுங்கள். ஜூலையில் தண்ணீர் ஏறும் வீடு என்றால் பெட்டிக்குக் கீழே செங்கல். படுக்கவைத்து அடுக்க வேண்டாம், அடியில் இருப்பது வளையும். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் மே மாதம் முடிவதற்குள் உங்கள் தட்டு கிண்ணமாகிவிடும். இன்னொன்று: புதிதாக ஒன்று உள்ளே வந்தால், கேட்காத ஒன்று வெளியே போக வேண்டும். இந்த விதியைக் கடைப்பிடிக்க இடமில்லாத வீடுதான் வசதி. மலபார் ஹில்காரர்களால் முடிவதில்லை.

'புதுக் காது', செம்பூர்
எதில் ஆரம்பிப்பது? ஒரே ஒரு தட்டு சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் சொன்னால் ஒன்றுமே வாங்க மாட்டேன்.

ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971, இம்பல்ஸ் கம்பெனி. தலைப்பில் இருக்கிற சச்சிதானந்தா நம் கோயமுத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்துக்காரர். 1969 வுட்ஸ்டாக் விழாவில் அத்தனை லட்சம் பேருக்கு முன்னால் உட்கார்ந்து தொடக்க உரை ஆற்றினாரே, அதே சுவாமி. கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்துபோக, சிறு குழந்தைகளோடு தவித்த ஆலிஸ் அவரிடம் ஆறுதல் தேடிப் போனார். அந்த ஆறுதல்தான் இந்தத் தட்டு. தம்புரா ஓடிக்கொண்டே இருக்கிறது. செசில் மெக்பீ பேஸில் ஒரே சின்னச் சொற்றொடரை விடாமல் சுற்றுகிறார். அதன்மேல் ஆலிஸின் ஹார்ப், அதற்கும் மேல் ஃபாரோ சாண்டர்ஸின் ஸாக்ஸ். ஜாஸ் என்றால் என்ன என்று தெரியாமலே கேட்டு முடித்துவிடலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைக் கேட்காத ஜாஸ் பிரியர் குறைவு. கோயமுத்தூரில் கேட்டவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

(மற்றவர்களுக்கு மட்டும்: 1971 பிப்ரவரியில் சச்சிதானந்தாவின் யோகா நிலையத்துக்காக நடந்த நிதிக் கச்சேரியில், கார்னகி ஹாலில் ஆலிஸ் வாசித்தது அதிகாரபூர்வமாக, முழுதாக 2024-இல்தான் தட்டாக வந்தது. இரண்டு சாண்டர்ஸ் போதாதென்று ஆர்ச்சி ஷெப்பும் சேர்ந்து ஊதுகிற ஆவேசம். இரண்டு சாண்டர்ஸ் என்றது சத்தத்தின் அளவைச் சொல்ல, ஆள் ஒருவர்தான். செம்பூர்க்காரர் இந்த அடைப்புக்குறிக்குள் வர வேண்டாம்.)

'சபா முன்வரிசை', மாட்டுங்கா
பல வருஷமாக ஷண்முகானந்தாவில் கச்சேரி கேட்டு வளர்ந்த காது. பேரன் ஜாஸ் என்று ஆர்னெட் கோல்மனோ யாரையோ போடுகிறான், தலைவலி வருகிறது. என் காதுக்கு ஏற்ற ஜாஸ் உண்டா?

உண்டு மாமா. சார்லி மரியானோ என்று பாஸ்டனில் பிறந்த ஸாக்ஸ் வித்வான். நம் நாகஸ்வரத்தில் மயங்கி, தென்னிந்தியா வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனவர். 1976-இல் வந்த 'ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்' ஆல்பத்தில் நாகஸ்வரமும் வாசித்திருக்கிறார். கல்யாண வீட்டு நாகஸ்வரத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் சீவாளியோடு மனுஷன் பட்ட பாடு கேட்கும். அதைவிட உங்களுக்கு நேராகப் பொருந்துவது 'ஜ்யோதி', 1983, ஈ.ஸி.எம். கம்பெனி. டி.ஏ.எஸ். மணியின் பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷன் தாளம் பார்த்துக்கொள்ள, ஆர்.ஏ. ரமாமணி பாட, மரியானோ பின்னால் போகிறார். முந்திக்கொண்டு தன் வித்தையைக் காட்ட எத்தனையோ இடம் இருந்தும் காட்டவில்லை. ஒரு நல்ல பக்க வயலின்காரரின் அடக்கம் அது. 'ஃப்யூஷன்' என்று எழுதிய எந்தச் சுவரொட்டியிலும் இந்த ஆல்பத்தின் பெயரைப் பார்த்ததில்லை. கண்டுகொள்ளாமல் விட்டவற்றுள் முதலிடம் இதற்கே.

அடுத்தது 'கின்ஸ்மென்', 2008. கத்ரி கோபால்நாத்தும் அமெரிக்க ஸாக்ஸ்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவும். கத்ரியை 'டூயட்' பட ஸாக்ஸ்காரராக மட்டும் ஞாபகம் வைத்திருப்பது நம் வழக்கம். 1980-இலேயே பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க ஜாஸ்காரர் ஜான் ஹேண்டியோடு மேடையேறியவர் அவர். இந்த ஆல்பத்தில் இரண்டு ஸாக்ஸும் ஒன்றை ஒன்று துரத்துவது தனி ஆவர்த்தனத்துக்கு முந்தைய ஸ்வரப் போட்டி போலவே இருக்கும். தலையாட்டலாம், தொடையிலும் தட்டலாம்.

பேரனுக்கு: தாத்தாவை எடுத்த எடுப்பில் ஆர்னெட் கோல்மனிடம் விட்டது உன் தப்பு.

'சயான் கோலிவாடா அக்கா'
ஸோல், டிஸ்கோ என்று வெளிநாட்டுப் பெண்கள் பெயராகவே சொல்கிறீர்கள். நம்ம பம்பாய்ப் பெண் ஒருத்தியும் இல்லையா?

இருக்கிறார். ஆஷா புத்லி. இந்த ஊரில் பிறந்து, ஹிந்துஸ்தானியும் மேற்கத்திய சங்கீதமும் கற்று, நியூயார்க் போனவர். மேலே தாத்தாவுக்குத் தலைவலி தந்த அதே ஆர்னெட் கோல்மன், 1972-இல் வந்த 'ஸயன்ஸ் ஃபிக்ஷன்' ஆல்பத்தில் இரண்டு பாட்டு பாட இவரைத்தான் கூப்பிட்டார். சுற்றிலும் வாத்தியங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நடுவில் அந்தக் குரல் நிதானமாக நடந்து போகிறது. அந்த ஒரு வேலைக்கே ஊர் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்திருக்கலாம்.

பிறகு அவர் ஸோல் பக்கம் திரும்பினார். 1976-இல் 'தி டெவில் இஸ் லூஸ்'. அதில் உள்ள 'ஸ்பேஸ் டாக்' நியூயார்க் நடனக் கூடங்களில் ஓயாமல் ஓடியது. பின்னாளில் அதையே நட்டோரியஸ் பி.ஐ.ஜி. தன் ராப்புக்கு எடுத்துக்கொண்டார். ஆல்பம் மறுபதிப்பில் கிடைக்கிறது. 2022-இல் மிஸ்டர் போங்கோ கம்பெனி ஒரு தொகுப்பும் போட்டது. தொகுப்பை விடுங்கள், 1976 ஆல்பத்தை வாங்குங்கள். கிசுகிசுப்பதற்கும் பாடுவதற்கும் நடுவே ஒரு குரல் வைத்திருக்கிறார். நம் எல்.ஆர். ஈஸ்வரிக்குத் தெரிந்த இடம் அது. ஈஸ்வரியின் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காக ஒரு எல்.பி. போட ஆள் வந்தால் ஸோல் வரிசையில்தான் வைப்பேன்.

'அவசரம்', மாஹிம்
மார்வின் கே எல்லோரிடமும் இருக்கிறது. இல்லாத ஒரு ஸோல் தட்டு?

டெர்ரி காலியர், 'வாட் கலர் இஸ் லவ்', 1972. சிகாகோக்காரர். பாட்டை விட்டுவிட்டு, மகளை வளர்க்க வேண்டும் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர். தொண்ணூறுகளில் இங்கிலாந்து டி.ஜே.க்கள் தேடிப் பிடித்துத் திரும்பப் பாட வைத்தார்கள். முதல் பாட்டே ஒன்பது நிமிடம். உங்கள் புனைபெயரை மாற்றிக்கொண்டு கேளுங்கள்.

'கல்யாணப் பரிசு', முலுண்ட்
நண்பர்கள் சூட்கேஸ் மாதிரி ஒரு ரெக்கார்ட் பிளேயர் பரிசு தந்தார்கள். நல்லதா?

நண்பர்கள் நல்லவர்கள். பிளேயர், பெட்டியாக நல்லது. ஊசி தட்டின்மேல் ஏறக்குறைய இரண்டு கிராம் கனத்தில் உட்கார வேண்டும்; இந்த ரகங்கள் பலவற்றில் ஐந்து கிராம் வரை அழுத்துகிறது. பழைய, கீறல் விழுந்த தட்டுகளை அதில் போடுங்கள். புதிதாக வாங்கியதை வேண்டாம். ஊசியின் கனத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள சாதாரண பிளேயரே போதும், தங்க முலாம் பூசிய கம்பியெல்லாம் பங்களாக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

'லாபக் கணக்கு', காட்கோபர்
அசல் பதிப்பு வாங்குவதா, மறுபதிப்பா? எது விலை ஏறும்?

விலை ஏறுவது வேண்டுமென்றால் நகைக்கடைக்கு எழுதுங்கள். கேட்பதற்கு என்றால் சொல்கிறேன்.

சரண்ஜித் சிங் என்று இந்த ஊர் ஸ்டூடியோக்களில் பேஸ், ஸிந்தஸைஸர் வாசித்த ஒருவர். 1982-இல் எச்.எம்.வி.க்காகப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு தட்டு போட்டார். ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகள், ஒரே ஆள். தட்டு விற்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து சிகாகோவில் அவற்றில் ஒன்றை வைத்து 'ஆஸிட் ஹவுஸ்' என்று ஒரு புது இசை பிறந்ததாகக் கொண்டாடினார்கள். 2010-இல் ஒரு டச்சுக்காரர் இந்தத் தட்டை மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான், பம்பாயில் ஒருவர் இதை முன்னாலேயே செய்து முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்பது உலகத்துக்கு உறைத்தது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் ஐரோப்பிய மேடைகளில் ஏறி பைரவ் வாசித்தார். 2015-இல் காலமானார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களிடம் பெரிய தத்துவம் எதுவும் அவர் பேசவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ரூபா பிஸ்வாஸின் 'டிஸ்கோ ஜாஸ்' கதையும் இதே மாதிரி. கனடாவின் கால்கரியில், ஆஷிஷ் கானின் சரோடோடு பதிவு செய்து, 1982-இல் வந்து, மறந்தும் போனது. தன் தட்டு உலகம் சுற்றுகிறது என்பதைப் பாடியவரே பல வருஷம் கழித்து மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். நியூமெரோ குரூப் 2019-இல் மறுபதிப்பு செய்தது. சனிக்கிழமையைப் பற்றி வங்க மொழியில் பாடும் அந்தப் பாட்டுக்கு வார நாள் கட்டுப்பாடு கிடையாது.

ஆகவே கணக்கு இதுதான். அசல் பதிப்பின் விலை தரகருக்குப் போகிறது. ஒழுங்கான மறுபதிப்பில் கலைஞருக்கோ குடும்பத்துக்கோ ஒரு பங்கு போகிறது. ஒழுங்கானதா என்று எப்படிப் பார்ப்பது? உறையின் பின்பக்கம் படியுங்கள். எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், யார் உரிமை கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். படம் மட்டும் பளபளவென்று இருந்து எழுத்தே இல்லையென்றால், பழைய தட்டையே ஓடவிட்டுப் பதிந்த திருட்டுச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். கீறல் சத்தமும் சேர்ந்து மறுபதிப்பாகியிருக்கும்.

'கிராஸ் ரோடு தம்பி', தாராவி
நான் ராப் பண்றவன். பழைய ஜாஸ், ஸோல் தட்டு எனக்கு எதுக்கு அண்ணே?

மூலப்பொருளுக்கு, தம்பி. ராப் நின்றுகொண்டிருப்பது ஸோல் தட்டுகளின் டிரம்ஸ் மேல். நம் பாட்டையும் வெளியாட்கள் அப்படித்தான் அள்ளினார்கள். பிளாக் ஐட் பீஸ் 2003-இல் இளையராஜாவின் 'ஸ்ரீ ராகவேந்திரர்' பாட்டு ஒன்றை எடுத்தார்கள், ராப்பர் மாயா (எம்.ஐ.ஏ.) 2007-இல் 'தளபதி'யில் கை வைத்தார். உன் தெருவின் டோபெடெலிக்ஸ் ராப் குழு 'காலா' படத்தில் சந்தோஷ் நாராயணனோடு நின்றது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீ கேட்க வேண்டியது ஸாரதி கோர்வாரின் 'மோர் அரைவிங்', 2019. அகமதாபாத்திலும் சென்னையிலும் வளர்ந்து லண்டனில் இருக்கிற தபலா, டிரம்ஸ்காரர். பம்பாய், டெல்லி ராப்பர்களைக் கூட்டிவந்து ஜாஸ் குழுவோடு மோதவிட்டிருக்கிறார். நம் ஊரைப் பற்றிய பாட்டில் ஸ்வதேசி குழுவின் மவாலி நாலில் அடங்காத தாளத்தின்மேல் வார்த்தையைப் பிசகாமல் நடத்துவதைக் கவனி. நாலு எண்ணிக்கைத் தாளத்துக்கே எழுதிப் பழகியவனுக்கு அது ஒரு டியூஷன்.

'டைமண்ட் கார்டன் நடைப்பயிற்சி', செம்பூர்
புது ஜாஸ் ஆல்பங்களில் தமிழ்ப் பெயராகவே கண்ணில் படுகிறதே, பிரமையா?

இல்லை. உங்கள் பேட்டையிலிருந்தே தொடங்குகிறேன். ஷக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்', 2023, அடுத்த வருஷம் கிராமி வாங்கியது. பாடுகிற சங்கர் மகாதேவன் செம்பூர்ப் பையன். தபலா ஜாகிர் ஹுசேன், தாராவிக்கு அந்தப் பக்கம் மாஹிமில் வளர்ந்தவர். கஞ்சிராவும் கடமும் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். ஆனாலும் சேகரிப்பவருக்கு நான் சொல்வது 1976-இல் வந்த முதல் தட்டு. எல். சங்கரின் வயலினும் விக்குவின் கடமும் இருக்கிற அந்த வேகம் புதியதில் இல்லை. புதியதில் பக்குவம் இருக்கிறது, ஜாகிர் 2024 டிசம்பரில் போய்விட்டதால் இனிமேல் கிடைக்காத பக்குவம்.

இனி கவனிக்க வேண்டியவர்கள். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா: 2024-இல் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்', 2025-இல் 'நிலம்'. முதலாவது முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் கூடிப் பதிந்த வழிபாடு, ஆலிஸ் கோல்ட்ரேனுக்கும் வணக்கம் சொல்வது. நடுவில் கொஞ்சம் நீளம்தான். 'நிலம்' சின்னது, அடங்கியது, எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு வெளிநாட்டு விமர்சகரைவிட இரண்டு மடங்கு கிடைக்கும்.

உமையாள்புரம் சிவராமனின் சிஷ்யை ராஜ்னா சுவாமிநாதன் மிருதங்கத்தை வைத்துக்கொண்டு ஜாஸ் குழுவே நடத்துகிறார். 'அப்பெர்ச்சர்ஸ்', 2023. மிருதங்கம் இங்கே பக்கவாத்தியம் இல்லை, எழுதுகிறவரின் கை. ஸாக்ஸில் இமானுவேல் வில்கின்ஸ். அந்த வில்கின்ஸின் சொந்த ஆல்பம் 'ப்ளூஸ் ப்ளட்', 2024, ப்ளூ நோட் கம்பெனி. அதில் கானவ்யா பாடுகிறார். ஒரு கதவைத் தட்டினால் நாலு வீடு திறக்கிற கூட்டுக்குடித்தனம் இது.

விஜய் ஐயரை எல்லோரும் சொல்வார்கள். 2021-இன் 'அன்ஈஸி'யைச் சொல்வார்கள், சரிதான். நான் சொல்வது 'தீர்த்தா', 2011: பியானோ அவர், கிட்டார் பிரசன்னா, தபலா நிதின் மித்தா. யாரும் யாருக்கும் மரியாதைக்காக வழிவிடவில்லை என்பதுதான் அதன் அழகு.

'கோட்டை ஸ்டேஷன்', வடாலா
பம்பாயில் அந்தக் காலத்து ஜாஸ் தட்டுகள் கிடைக்குமா? தாத்தா தாஜ் ஹோட்டலில் கேட்டதாகச் சொல்வார்.

தாத்தா சொன்னது நிஜம். 1935 வாக்கில் லியோன் அபே கறுப்பினக் குழுவோடு தாஜில் வாசிக்க வந்தார். பின்னால் பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட். அவர்களைப் பார்த்து கோவா வித்வான்கள் கற்றார்கள். டிரம்பெட் வாசித்த சிக் சாக்லேட் அவர்களில் பெரியவர். 1951-இன் 'அல்பேலா' படத்தில் குழுவோடு திரையிலேயே நிற்கிறார். ராத்திரி ஹோட்டல், பகலில் சினிமா ஸ்டூடியோ என்று அவர்கள் பிழைத்ததால், பம்பாய் ஜாஸின் பெரும்பகுதி இந்திப் பாட்டுக்கு உள்ளே ஒளிந்து கிடக்கிறது. தனித் தட்டுகள் குறைவு. 2012-இல் வந்த நரேஷ் ஃபெர்னாண்டஸின் 'தாஜ் மஹால் ஃபாக்ஸ்ட்ராட்' புத்தகம் படியுங்கள்.

வாங்க வேண்டுமென்றால் 'ராகா ஜாஸ் ஸ்டைல்', 1968. சங்கர்-ஜெய்கிஷன், ரயீஸ் கானின் சிதார், மனோகரி சிங்கின் ஸாக்ஸ், பதினொரு ராகம். ராகத்துக்குச் சில நிமிடம்தான் தருகிறார்கள், தோடி சூடுபிடிக்கும்போது முடிந்துவிடுகிறது. குறை அது ஒன்றே.

'பூஞ்சை', ஆன்டாப் ஹில்
மழைக்காலம் முடிந்து எடுத்தால் தட்டெல்லாம் வெள்ளைப் புள்ளி.

டிஸ்டில்டு வாட்டர், இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிய துணி. வரியோடு வரியாக வட்டமாகத் துடைத்து, மறுபடி வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது. உள் உறையைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை குடியிருப்பது அங்கேதான். 78 சுற்றுத் தட்டுகளுக்கு ஸ்பிரிட் கிட்டேயே போகக் கூடாது; அரக்கு கரையும்.

'பாட்டுக்காரன்', மாட்டுங்கா லேபர் கேம்ப்
எல்லாம் சரி. எங்க ராஜா?

வந்துவிட்டார். 'ஹவ் டு நேம் இட்', 1986. ஜாஸ் இல்லை, ஸோல் இல்லை. வேறு எந்த அலமாரியிலும் நிற்காது என்பதால் இங்கே. பழைய சினிமாத் தட்டு என்றால் எக்கோ, இன்ரெகோ லேபிள்களைப் பாருங்கள். எண்பதுகளின் பதிவுத் தரம் எக்கோவில் நன்றாக இருக்கும். இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் 'சொல்லச் சொல்ல' என்று ஒரு தொகுப்பு போட்டிருக்கிறது. தேர்வு நன்று, உறையில் உள்ள ஆங்கில வியப்புக்குறிகள் அதிகம்.

'அண்ணாச்சி', 13-ஆம் காம்பவுண்ட், தாராவி
நமக்குப் பங்கார் (பழைய சாமான்) வியாபாரம். யாரோ பெரிய வீட்டைக் காலி பண்ணி நாலு மூட்டை பழைய தட்டு போட்டுட்டுப் போயிருக்காங்க. கிலோ கணக்குல அரைச்சுடலாமா?

அண்ணாச்சி, மிஷினை நிறுத்துங்கள். முதலில் கனமாக, தட்டினால் ஓட்டுச் சத்தம் வருகிற 78 தட்டுகளைப் பிரியுங்கள். அவை பிளாஸ்டிக்கே இல்லை, அரக்கும் கல்தூளும். உங்கள் மிஷினுக்கும் ஆகாது. மற்றதில் உறையைப் பாருங்கள். மேலே சொன்ன 'ராகா ஜாஸ் ஸ்டைல்', சரண்ஜித் சிங், ரூபா, பம்பாய் ராக் குழுவான அட்டாமிக் ஃபாரஸ்ட், தமிழில் எக்கோ, இன்ரெகோ, எல்.ஆர். ஈஸ்வரி எதுவும் கண்ணில் பட்டால் தனியே வையுங்கள். ஒரே ஒரு தட்டு, நாலு மூட்டை பிளாஸ்டிக்கைவிட அதிகம் தரும். உறை இல்லாததையும் எறிய வேண்டாம். லேபிளைப் போட்டோ எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். என்ன என்று பார்த்துச் சொல்கிறேன். மற்ற பங்கார் கடைக்காரர்களுக்கும் இதே வேண்டுகோள்: தட்டு மூட்டை வந்தால் ஒரு வாரம் பொறுங்கள்.